குறிப்பு என்றொரு புலம்

புன்டா அரீனஸில் காற்று வீசும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அன்று கயிறே ரீங்கரித்தது.
மூன்றாம் மாடியில் நான்,
ஆறிப்போன காபி, சர்வர் ஒன்று,
அதற்குள் பதினோரு வரியில் என் ஜாவாஸ்கிரிப்ட்.

அதன் வேலை சின்னது.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
நீரிணைக் கரையிலுள்ள இன்னொரு இயந்திரத்திடம்
கேட்டு வர வேண்டும்:
படகுத்துறை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?
உலாவி கிடையாது, சொடுக்க ஒரு விரலும் கிடையாது.
யாரும் பாராத கேள்வியொன்று
கம்பிக்குள் இறங்கிப் போகும்.
கைக்கு உடனே கிடைப்பது
பதில் தருவதாக ஒரு வாக்கு மட்டும்.
காத்திரு என்று எழுதுவேன்.
ஒற்றை இழைதான், ஆனாலும் நிரல் உட்கார்ந்து அழாது;
வாக்கை ஓரமாய் வைத்துவிட்டு
வேறு வேலை பார்க்கும்,
கடன் கொடுத்த என் அண்ணன் மிலென்கோ போல.

பதில் வராவிட்டால்?
மறுபடி கேள் என்று எழுதியிருந்தேன்.
எவ்வளவு பொறுத்து என்று எழுதவில்லை.
எத்தனை தரம் என்றும் எழுதவில்லை.

இரவு ஒன்றரைக்குத் தொலைபேசி.
"யாஸ்னா என்பது நீங்களா?"
ஆமாம் என்றேன்.
"ஒரு மணி நேரமாக நீங்கள்தான்
என் கதவைத் தட்டுகிறீர்கள்.
நாலாயிரத்துச் சொச்சம் தரம்."
கோரிக்கையின் தலைப்பகுதியில், எப்போதோ,
மரியாதைக்காக என் பெயரும் எண்ணும் போட்டிருந்தேன்.
அதை ஒரு மனிதர் படிப்பார் என்று நினைத்துப் போட்டதில்லை.

நிபால்டோ அவர் பெயர்.
சர்வர் அவர் மேசைக்கடியில் இருக்கிறது,
கெண்டிக்கும் உலரும் காலுறைக்கும் நடுவே.
காற்றுமானியை அவரே எட்டிப் பார்த்து
அவரே எண்ணைத் தட்டி ஏற்றுகிறார்.
மேகத்தில் எங்கோ இருப்பதாக
நினைத்திருந்தேன் நான்.

மன்னிப்புக் கேட்டேன். திருத்தினேன்.
பத்து விநாடியில் பதிலில்லையென்றால் கைவிடு.
ஒரு நொடி பொறு, அடுத்து இரண்டு, நான்கு, எட்டு,
நோயாளி படுத்திருக்கும் வீட்டைத் தட்டுவது போல.
பிறகு சரிபார்க்க
முதல் முறையாகப் பதிலை முழுசாக அச்சிட்டேன்.

நிலை: மூடல்.
காற்று: 104.
குறிப்பு:
அப்படியொரு புலம் இருப்பதே எனக்குத் தெரியாது.
நிலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு
மிச்சத்தை எறியச் சொல்லி
எழுதியவள் நான்தான்.

தற்காலிகக் கோப்பொன்றில் பழைய பதில்கள் கிடந்தன.
மார்ச் 9: சரிவுப்பாதை பக்கம் கறுப்பு வெள்ளை டால்பின்கள், ஆறு.
ஜூன் 2: உறைபனி. கம்பளி லாரி செர்வாண்டோ என் சூப்பைப் புகழ்ந்தார்.
ஜூன் 3: அவர் பொய் சொல்லியிருக்கிறார்.
ஆகஸ்ட் 17: இதை யாராவது படிக்கிறீர்களா?
ஆகஸ்ட் 18: சரி.

மூன்று வருடம்.
ஒவ்வொரு தரமும் இருநூறு என்ற எண்ணை வாங்கிக்கொண்டு
எல்லாம் நலம் என்று பதிந்துவிட்டுப்
போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

நாலு பத்துக்குக் காற்று இறங்கியது.
நிலை: திறப்பு.
கரையில் தூங்கும் ஓட்டுநர்களின் கைபேசிகளுக்கு
என் சர்வர் செய்தி அனுப்பியது.
நான் குறிப்பைப் பார்த்தேன்.
இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை.
இருக்காதுதான். மஞ்சள் மேலங்கியில்
கைவிளக்கை ஆட்டி ஆட்டி
லாரிகளை ஏற்றிக்கொண்டிருப்பார் இந்நேரம்.
காபியைச் சூடாக்கப் போனேன்.
அடுத்த கேள்விக்கு
இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.